இலோயிலோவுக்குப் போன அறிவித்தல்

லோர்னா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய தங்கை மரிசெல் இறந்துபோன செய்தி, அவள் ஊருக்குப் போய்த் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும்வரை அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. தாய்க்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்து ஐந்து மாதம்தான். டெலிபோனில் கேட்டால் அந்த மனுசி அப்படியே போய்விடுவாள் என்று லோர்னா பயந்தாள். புதன்கிழமை காலை, வின்டர்தூரில் எங்கள் கடையின் லைட்டைக்கூட நான் இன்னும் போடவில்லை, கண்ணாடிக் கதவில் தட்டி உள்ளே வந்து நின்றபடியே இதைச் சொன்னாள். அன்று பின்னேரம் மூன்று மணிக்கு அவளுக்கு விமானம். பிலிப்பைன்ஸில் இலோயிலோ என்ற ஊரில் இருக்கும் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை காலையில்தான் போய்ச் சேருவாள்.

மரிசெலுக்கு இங்கே சுவிஸில், கூர் என்ற ஊரில், ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை. திங்கட்கிழமை கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தாள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. வயது முப்பத்தாறு. ஊரில் தாயோடு பதினான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், ஜோவெலின்.

“சந்திரா, இன்டர்நெட்டில் ஒரு சொல்லும் வரக்கூடாது. என் வாயால்தான் அம்மா கேட்கவேண்டும்,” என்றாள் லோர்னா. நானும் அவளும் கதைப்பது ஜெர்மனில். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்து ஜெர்மன் அது, எப்போதும் மெதுவாகத்தான் வரும். அன்று இன்னும் மெதுவாக வந்தது.

நான் என் இரண்டு பிள்ளைகள் மேலும் சத்தியம் செய்தேன். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்யாதே என்று என்னைப் பெற்றவ ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறா. கேட்டால்தானே.

நான் சந்திரமதி. என் மனுசன் தவச்செல்வன். ‘செல்வன் கார்கோ’ என்று பலகை போட்டு இலங்கைக்குப் பெட்டி அனுப்புகிறவர்கள் நாங்கள். ஒரு காலத்தில் ஓகோ என்று ஓடிய கடை. இப்போது எங்கள் சனம் பெட்டி அனுப்புவது குறைவு. ஊரில் இருந்த தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள், ‘எல்லாம் இங்கேயே வாங்கலாம், நீ காசை அனுப்பு’ என்கிறார்கள். கடை ஈயோட்டத் தொடங்கியபோதுதான் நான் மாலைநேர வகுப்புக்குப் போய் இணைய விளம்பரம் படித்தேன். கார்கோக் கடைக்காரிக்கு டிப்ளோமா கேட்கிறதோ என்று இவர் நக்கலடித்தார். ஒரு வருசத்தில் நக்கல் நின்றுவிட்டது, ஏனென்றால் நான் பிலிப்பீன்காரரைக் கண்டுபிடித்திருந்தேன்.

அவர்கள் பெட்டி அனுப்புகிற சனம். இடுப்பளவு உயரப் பெட்டி. அதற்குள் சொக்லேட், டின்னில் அடைத்த இறைச்சி, ஷாம்பூ, துவாய், பிள்ளையின் சப்பாத்து என்று காற்றுப் போக இடமில்லாமல் அடைவார்கள். அவர்களுக்குக் கிறிஸ்மஸ் செப்டெம்பர் முதலாம் திகதியே தொடங்கிவிடும். கப்பல் போய்ச் சேர இரண்டு மாதம். ஆகவே விளம்பரம் ஓகஸ்டில் சூடு பிடிக்கவேண்டும். இதெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவள் லோர்னாதான். மரியாதைக்கு வசனத்தின் முடிவில் ‘போ’ என்று சேர்க்கச் சொன்னாள், எங்கள் ‘ங்கோ’ மாதிரி. வாடிக்கையாளரைப் போ போ என்று விரட்டி ஏவாரம் செய்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று இவர் சிரித்தார். கேள்வி கேட்டால் ஐந்து நிமிசத்துக்குள் பதில் போகவேண்டும், பிந்தினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்றும் லோர்னா சொன்னாள். அதனால் மெசெஞ்சரில் தானாகவே பதில் போகிற ஏற்பாட்டைச் செய்துவைத்தேன்.

ஆனால் பெரிய மூளை என்னுடையது. சுவிஸில் இருக்கிற தாய்க்கு விளம்பரம் காட்டி என்ன பிரயோசனம்? வேலைக் களைப்பில் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். ஊரில் இருக்கிற பிள்ளைக்குக் காட்டு. பிள்ளை அம்மாவிடம் கேட்கும். பெற்றவள் எப்படி இல்லை என்பாள்? எங்கள் வாடிக்கையாளரில் பாதிப் பேர் இலோயிலோப் பக்கம் என்றபடியால் விளம்பரத்தை நேரே அங்கே விட்டேன். மரிசெல் கூரில் பெட்டி அடுக்குகிற வீடியோவையும், ஜோவெலின் அங்கே அதைத் திறக்கிற வீடியோவையும் ஒட்டிப் போட்டேன். பிள்ளை அம்மாவின் பழைய சுவெட்டரை எடுத்து முகர்ந்து பார்த்த அந்த ஒரு நொடிக்காகவே எட்டாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். அன்றுமுதல் எங்கள் கடையின் இணையப் பக்கத்துக்கு முகமே மரிசெல்தான்.

அதோடு விட்டேனா? பக்கத்தில் போடுகிற எதற்காவது முதல் அரை மணித்தியாலத்துக்குள் நாற்பது பேர் இதயக் குறியோ கண்ணீர் முகமோ போட்டால், அது தன்பாட்டில் விளம்பரமாகி இலோயிலோவுக்குப் போகும்படி ஒரு விதி எழுதி வைத்தேன். நான் ஒரு பொத்தானும் அமத்தத் தேவையில்லை. வகுப்பில் படிப்பித்த மனுசனே கெட்டிக்காரி என்று சொன்னார். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். லோர்னா போனதும் இவருக்குப் போன் எடுத்தேன். இவர் எங்கள் வான் வண்டியோடு நொஷாட்டல் என்ற ஊரில் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றார். மரிசெல் போய்விட்டாள் என்றேன். கடைக்கு வரும்போதெல்லாம் இவருக்கென்று காய்ந்த மாம்பழம் கொண்டுவந்து தருகிறவள் அவள். அண்ணை என்று தமிழில்தான் கூப்பிடுவாள். எப்படி, எப்போது என்று இவர் கேட்க நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒருத்தி இரண்டு பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மிச்சம் வந்த பிறகு கதைப்பம் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த மிச்சத்தில்தான் சத்தியம் இருந்தது.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் கண்ணை மூடினால், உடல் ஆஸ்பத்திரியால் வெளியே வருமுன் அறிவித்தல் வந்துவிடும். பூமாலைச் சட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் படம், கீழே துயரில் பங்குகொள்ளும் கடையின் பெயர். பிந்தினால் குறை. கேள்விப்பட்டும் ஒரு அஞ்சலி போடவில்லை என்று மூன்று வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் என் மனுசனின் போனில் அந்தச் சட்டம் எப்போதும் தயாராக இருக்கும். படத்தையும் பெயரையும் மாற்றுவதுதான் வேலை.

பின்னேரம் ஐந்து இருபதுக்கு என் போனில் ஒரு சத்தம். உங்கள் புதிய விளம்பரம் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகப் போகிறது என்று ஒரு செய்தி. நான் அன்று புது விளம்பரம் ஒன்றும் விடவில்லையே என்று திறந்தேன்.

மரிசெல் சிரித்துக்கொண்டிருந்தாள். பெட்டி அடுக்குகிற வீடியோவில் இருந்து வெட்டிய முகம். சுற்றிவரப் பூமாலை, குத்துவிளக்கு. ஆங்கிலத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’, பிறந்த ஆண்டு, இறந்த நாள். அதற்குக் கீழே, என் விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் தானாக விழுகிற நீலப் பொத்தான்: இன்றே உங்கள் பெட்டியைப் பதிவுசெய்யுங்கள்.

ஐயோ என்று கத்தினேனோ தெரியாது, நிறுவை மேசைக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். விளம்பரத்தை நிறுத்தி, பதிவை அழித்து, பிறகுதான் கணக்கைப் பார்த்தேன். நாலு மணிக்கு இவர் போட்டிருக்கிறார். பதினைந்து நிமிசத்தில் அறுபது பேர் கண்ணீர் போட்டிருக்கிறார்கள். நாலரைக்கு என் விதி அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இலோயிலோவில் மட்டும் ஆயிரத்து நூற்று முப்பத்தாறு பேர் பார்த்திருக்கிறார்கள். நான் எவ்வளவு திறமாக வேலை செய்திருக்கிறேன் பாருங்கள்.

பிறகு மெசெஞ்சரைத் திறந்தேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஜோவெலின் எழுதியிருந்தாள். அங்கே அது இரவு பதினொரு மணி ஆகிற நேரம்.

“இது உண்மையா? இது என் அம்மா.”

அதற்குக் கீழே எங்கள் கடையின் பதில் இருந்தது. நான் எழுதிவைத்த பதில், என் இயந்திரம் அனுப்பிய பதில்: “ஆம் போ! செய்திக்கு நன்றி. கிறிஸ்மசுக்கு முன் நிச்சயம் வந்து சேரும்.” பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

“எப்போது நடந்தது?” என்று பிள்ளை கேட்டிருந்தாள். இயந்திரம் திரும்பவும் அதையே சொல்லியிருந்தது. சிரிப்பு முகத்தோடு.

நான் நிலத்தில் குந்திவிட்டேன். அந்தக் கிழவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் கடையைப் பூட்டவேண்டும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, வாசித்தேன். கால் மணித்தியாலம் கழித்து அவள் நீளமாக ஒன்று எழுதியிருந்தாள்.

அம்மா திங்கட்கிழமையில் இருந்து போன் எடுக்கவில்லையாம். டீட்டா லோர்னா, அதாவது பெரியம்மா, லீவு கிடைத்தது என்று சொல்லித் திடீரென்று வருகிறாவாம். இப்போதுதான் எல்லாம் விளங்குகிறதாம். தயவுசெய்து படத்தை எடுத்துவிடுங்கள், லோலாவுக்குக் காலையில் நான்தான் போனில் வருவதை வாசித்துக் காட்டுவது, பக்கத்து வீட்டுக்காரர் யாரும் பார்த்தால் ஓடி வந்து சொல்லிவிடுவார்கள் என்று கெஞ்சியிருந்தாள். லோலா என்பது அவர்களுக்கு அம்மம்மா. கடைசி வரி இது:

“எனக்குத் தெரியும் என்று டீட்டாவுக்குச் சொல்லவேண்டாம். அவ அவ்வளவு தூரம் பறந்து வருவது அதைச் சொல்லத்தான்.”

என் மகளுக்கும் பதினான்கு. ஒரு சோக்ஸ் காணாமல்போனால் வீட்டைத் தலைகீழாக்குகிறவள். நான் அழுதுகொண்டே பிழை பிழையாக ஆங்கிலம் எழுதினேன். இது இயந்திரம் இல்லை, சந்திரா. படத்தை எடுத்துவிட்டேன். உண்மைதான் பிள்ளை. பிழை எங்களுடையது. டீட்டாவுக்குச் சொல்லமாட்டேன். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? உடனே பதில் வந்தது. லோலா நித்திரை, தான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இருக்கிறேன் என்று. பிறகு, உங்களுக்கு நன்றி போ என்று. எனக்கு நன்றி சொன்னது அந்தப் பிள்ளை.

இவர் ஏழு மணிக்கு வந்தார். வந்த மனுசனைத் தண்ணீர் குடிக்கவும் விடாமல் பிடித்துக்கொண்டேன். என் வாயில் அன்று வந்ததெல்லாம் எழுதக்கூடியது அல்ல. விசரோ, மூளை இல்லையோ, செத்த வீட்டிலும் கடைப் பெயர் போடவேணுமோ என்றெல்லாம் கேட்டேன். இவர் ஒரு பெட்டிமேல் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிள்ளைக்கு நாங்கள் ஒரு அஞ்சலியும் போடேல்லை எண்டு இருக்கக்கூடாது எண்டுதான் போட்டனான்,” என்றார். “சொல்லக்கூடாது எண்டு நீர் சொல்லேல்லையே, சந்திரா.”

சொல்லவில்லைதான். இவர் போட்டது சுவிஸில் இருக்கிற நாலு பேர் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிற ஒரு படம். அதை ஏழு கடல் தாண்டி, அந்தத் தெருவுக்கு, அந்த வீட்டுக்கு, அந்தப் பிள்ளையின் கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது என் கெட்டித்தனம். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என்னைச் சுடாமல் ஊரில் ஒரு பிள்ளையைச் சுட்டுவிட்டது.

அந்த இரவும் அடுத்த நாளும் நாங்கள் இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. கண்ணீர் போட்டவர்கள், பகிர்ந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினோம். தாய்க்குத் தெரியாது, நெஞ்சு வருத்தக்காரி, லோர்னா போய்ச் சேரும்வரை தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சூரிச்சில் பிள்ளை பார்க்கிற ஒரு பெண், இலோயிலோவில் தன் அக்காவை மரிசெல் வீட்டுத் தெருமுனைக்கு அனுப்பி, வருகிறவர்களை மறித்து வைத்திருக்கச் சொன்னாள். வியாழக்கிழமை பின்னேரம் ஜோவெலினிடம் இருந்து இரண்டு வரி வந்தது: லோலாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போய் வந்து, சோறு காய்ச்சி, டீட்டாவுக்குக் கட்டிலும் விரித்து வைத்திருக்கிறாளாம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லோர்னாவின் குரல்செய்தி வந்தது. நானும் இவரும் குசினியில் நின்று கேட்டோம். அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், பாதிரியாரும் பக்கத்தில் இருந்தார், அம்மா விழப்போனா, ஆனால் தாங்கிக்கொண்டா என்றாள். சந்திரா, நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய், இங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, கடவுள் உன் பிள்ளைகளைப் பார்ப்பார் என்றாள். என் பிள்ளைகள் இரண்டும் அப்போது மேசையில் பாண் தின்றுகொண்டிருந்தன. எனக்கு அந்த ஆசீர்வாதம் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

குரல்செய்தி அதோடு முடியவில்லை. லோர்னாவின் குரல் மாறியது.

“ஆனால் இந்தப் பிள்ளையை எனக்கு விளங்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் வாய் திறக்க முன்னமே அம்மாவின் மாத்திரையும் தண்ணீரும் கையில் வைத்துக்கொண்டு மரம்போல நிற்கிறாள். ஒன்பது வருசம் மரிசெல் இவளுக்காகக் கண்டவன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். உனக்கு அம்மா என்றால் வெறும் பெட்டிதான் என்று சொன்னேன். அதற்கும் அழவில்லை. சரி போ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.”

செய்தி முடிந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் லோர்னாவுக்குப் போன் எடுக்கப்போகிறேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

“இரும், யோசியும்,” என்றார். “அந்தப் பிள்ளை சொல்லவேண்டாம் எண்டு கேட்டதெல்லோ? தாய் மனுசியும் தப்பிட்டுது. இனி நாங்கள் சொல்லி என்ன? பக்கமும் போய், லோர்னாவும் போய், கடையும் போயிடும்.”

“போகட்டும்,” என்றேன். “அது கல்நெஞ்சுக்காரி எண்ட பேரோடை வளரட்டுமோ?”

அவர் பிள்ளைகளைச் சப்பாத்துப் போடச் சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. லோர்னா கத்துவாள், சாபம் போடுவாள், வின்டர்தூரிலும் கூரிலும் இருக்கிற பிலிப்பீன்காரர் ஒருவரும் இனி எங்கள் வாசல் மிதிக்கமாட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் எடுத்தேன். அவள் முதல் மணியிலேயே எடுத்து, சந்திரா, என் நல்ல சந்திரா என்றாள். பின்னால் ஆட்கள் செபம் சொல்லுகிற சத்தம் கேட்டது.

“லோர்னா, அவள் அழாமல் இல்லை,” என்றேன். “புதன்கிழமை இரவே அழுதுவிட்டாள். குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு, தனிய. அம்மா செத்ததை அவளுக்குச் சொன்னது நீ இல்லை. எங்கள் கடை.”

நான் மறைக்காமல் எல்லாம் சொன்னேன். அஞ்சலிப் படம், என் விதி, நீலப் பொத்தான், சிரிப்பு முகம். நீ இவ்வளவு தூரம் வருவது அதைச் சொல்லத்தான் என்று உனக்காக அவள் மறைத்ததையும், ஒரு பகல் முழுக்க உன் தாய்க்கு முன்னால் சிரித்துக்கொண்டு திரிந்ததையும், அந்த மாத்திரையை எதற்காகக் கையில் வைத்திருந்தாள் என்பதையும். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கையும் உடைக்கிறேன், அவளிடம் என்னை மன்னிக்கச் சொல் என்றேன்.

ஏச்சு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

“நான் அவளுக்குக் கன்னத்தில் அடித்தேன், சந்திரா,” என்றாள் லோர்னா. “அதைச் செய்தியில் உனக்குச் சொல்லவில்லை.”

போனை எங்கேயோ வைத்தாள், ஆனால் நிறுத்தவில்லை. கதிரை தள்ளுப்படுகிற சத்தம் கேட்டது. ஜோவெலின் என்று அவள் கூப்பிட்டாள், இன்னொரு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம்தான் பிள்ளை பதில் சொன்னாள். அவர்களுடைய மொழியில் லோர்னா ஏதோ சொன்னாள், அது எனக்கு விளங்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளை அம்மா என்று கத்தி அழத்தொடங்கினாள்.